கேம்பர் வேன் சுவர் அட்டை மாதிரி இருக்கிறது, ஓட்டை போடாமல் சாமான் மாட்ட என்ன வழி?

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். டிராவலர் வண்டி ஒன்றை கேம்பர் வேனாக மாற்றி வைத்திருக்கிறோம். உள்வேலை முழுக்க பெங்களூரிலேயே நடந்தது. கட்டில், சிங்க், மேல் அலமாரி எல்லாம் திருப்திதான். சிக்கல் சுவரில். உள்பக்கம் 3 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் மர டிசைன் போட்ட வினைல் தாள். சமையல் பக்கம் மட்டும் சன்மைக்கா. விரலால் தட்டினால் பாதி இடத்தில் வெற்றுச் சத்தம் வருகிறது.

மாட்ட வேண்டியது அதிகமில்லை. துண்டு, சாவி, மசாலா டப்பாக்களுக்கு ஒரு சின்ன ஷெல்ஃப், முகம் பார்க்கும் கண்ணாடி, தீயணைப்பான், அப்புறம் அம்மாவுக்காகப் பிள்ளையார் படம். ஷெல்ஃபை ஒட்டுகிற கொக்கியில் மாட்டியிருந்தோம். ஏலகிரியில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு; பாதி மலை ஏறுவதற்குள் ஷெல்ஃப் கீழே வந்துவிட்டது. கொக்கியோடு வினைல் தாளும் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்துவிட்டது. கொக்கியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் டேப், அதன்மேல் வினைல், அதன்மேல் பிளைவுட்டின் நார் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்க்ரூ போடலாம் என்றால் பின்னால் எங்கே வயர் போகிறது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுப்பசை:
நார் ஒட்டியிருப்பதைக் கவனித்துச் சொன்னது நல்லதாயிற்று, காரணம் அதிலேயே இருக்கிறது. உங்கள் டேப் கடைசி வரை விடவே இல்லை. வினைல் தாள் பிளைவுட்டைப் பிடித்திருந்த பிடிதான் விட்டுப்போனது. அந்தத் தாளைத் தொழிற்சாலையில் ஒட்டுவது அழகுக்காக; எடை தாங்குவதற்காக அல்ல. அதன்மேல் எவ்வளவு உயர்ந்த டேப் போட்டாலும் தாளோடுதான் வரும். டேப் பலமாக இருந்தால் இன்னும் பெரிய துண்டாகக் கிழியும், அவ்வளவுதான். கமாண்ட் பட்டை (கொக்கிக்குப் பின்னால் வரும், இழுத்தால் கழன்றுவிடும் ஒட்டுப்பட்டை) தயாரிப்பவர்களே சுவர்த்தாள் மேல் ஒட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பட்டைகளுக்குச் சொல்லப்படும் வரம்பு 10 முதல் 40 டிகிரி வரை. பெங்களூரில் ஏப்ரல் மாதம் வெளியே 35 டிகிரி சாதாரணம். 2016 ஏப்ரலில் 39.2 வரை போனது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. வீட்டுச் சுவரில் வருஷக்கணக்கில் நிற்கிற பட்டை வண்டிக்குள் ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் போவது இதனால்தான்.

ஷெல்ஃப் எவ்வளவு எடை இருந்தது? பின்பலகை எவ்வளவு உயரம்?

அல்சூர்வாசி:
டப்பாக்களோடு சேர்த்து 2 கிலோ இருக்கும். பின்பலகை 5 செ.மீ. உயரம், தட்டின் அகலம் 16 செ.மீ.

ஒட்டுப்பசை:
அப்படியென்றால் கணக்கைப் பாருங்கள். எடையின் மையம் சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கிறது. 2 கிலோ எடை கீழே இழுப்பது ஒரு பக்கம் இருக்க, பின்பலகையின் மேல் விளிம்பைச் சுவரைவிட்டு வெளியே பிடுங்கும் இழுப்பு மட்டும் சுமார் 3 கிலோ. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே இவ்வளவு. வேகத்தடையில் குதித்து இறங்கும் அந்த ஒரு கணத்தில் இது இரண்டு மூன்று மடங்காகும்.

இதே ஷெல்ஃபின் பின்பலகை 20 செ.மீ. உயரமாக இருந்திருந்தால் மேல் விளிம்பில் வரும் இழுப்பு முக்கால் கிலோ சொச்சம்தான். டேப் கீழ்நோக்கி வரும் எடையை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தெடுக்கும் இழுப்பைத்தான் தாங்காது. அதனால் ஒட்டி மாட்டும் எதுவாக இருந்தாலும் சுவரோடு ஒட்டிப் படிந்த, உயரம் அதிகமான, வெளியே நீட்டாத பொருளாகப் பாருங்கள். துண்டு மாட்டும் கொக்கி சரி. ஷெல்ஃப் சரிவராது.

சன்மைக்கா பக்கம் கதை வேறு. அது கெட்டியான, வழவழப்பான பரப்பு. அங்கே விஹெச்பி (VHB) என்ற, இரண்டு பக்கமும் ஒட்டும் கெட்டியான ஃபோம் டேப் போட்டால் நிற்கும். ஒரு கிலோவுக்கு 55 சதுர செ.மீ. டேப் என்பது பொதுவான கணக்கு. 2 கிலோவுக்கு ஒரு இஞ்ச் அகல டேப்பில் கிட்டத்தட்ட 44 செ.மீ. நீளம் வேண்டும், நாலு மூலையில் நாலு துண்டு வெட்டி ஒட்டினால் போதாது. ஒட்டும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் கண்ணாடி துடைக்கிற திரவமும் மேலே மெல்லிய படலம் விட்டுவிடும். ஒட்டிய பிறகு அழுத்திப் பிடித்து, மூன்று நாள் எதையும் மாட்டாமல் விடுங்கள். விஹெச்பி முழுப் பிடிப்பை எட்ட 72 மணி நேரம் ஆகும். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வீல்பேஸ்:
பசை விஷயத்தில் நண்பர் சொன்னது அத்தனையும் சரி. நான் பாடி கட்டும் வேலையில் இருப்பதால் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டிராவலர் மாதிரி வண்டியில் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பலம் முழுக்க ரிப் என்று நாங்கள் சொல்லும் இரும்புச் சட்டங்களில் இருக்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் நடுவே செங்குத்தாக ஒன்று ஓடும், கூரையில் குறுக்காக வளைந்து போகும். உங்கள் 3 மில்லிமீட்டர் பிளைவுட் அந்தச் சட்டங்களின் மேல் போர்த்தியிருக்கும் தோல்தான். எடை ரிப்பில் இறங்க வேண்டும். பிளைவுட்டை வழியில் இருக்கும் ஒன்றாக மட்டும் பாருங்கள்.

ரிப்பைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் நியோடிமியம் காந்த வில்லை வாங்கி, அதை ஒரு மெல்லிய துணியில் சுற்றிச் சுவரில் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். 3 மில்லிமீட்டர் பிளைவுட் வழியாக ரிப் இழுப்பது கையில் நன்றாகத் தெரியும். வெளித்தகடு சில செ.மீ. தள்ளி இருப்பதால் அது காந்தத்துக்கு எட்டாது, குழப்பம் வராது. பிடித்த இடத்திலெல்லாம் மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொண்டே போனால் முழுச் சட்டமும் சுவரில் வரைந்த மாதிரி தெரிந்துவிடும். அந்த மாஸ்க்கிங் டேப்பையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை தங்கும்.

அடுத்தது என் சிபாரிசு. கொக்கி கொக்கியாக யோசிக்காதீர்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 7, 8 செ.மீ. அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை வெட்டி, இரண்டு அல்லது மூன்று ரிப்புகளைத் தொடும்படி படுக்கைவாட்டில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். அதன்மேல் சன்மைக்கா ஒட்டிவிட்டால் வடிவமைப்பின் பகுதி மாதிரியே இருக்கும். அதற்கப்புறம் கொக்கி, ஷெல்ஃப் எல்லாவற்றையும் அந்தப் பட்டையில் ஸ்க்ரூ போட்டுக்கொள்ளலாம். எத்தனை தடவை இடம் மாற்றினாலும் சுவரில் ஒரு கீறல் விழாது. வண்டிக்கு மொத்தமே நாலு முதல் ஆறு ஓட்டை, அதுவும் உங்களுக்குத் தெரிந்த இடத்தில்.

சிவாஜிநகர் பையன்:
இவ்வளவு எதற்கு சார்? அரை இஞ்ச் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூவை நேராகப் பிளைவுட்டில் ஏற்றினால் முடிந்தது. வேண்டுமானால் சுவருக்குப் போடுகிற பிளாஸ்டிக் பிளக் போட்டுக்கொள்ளலாம்.

வீல்பேஸ்:
தம்பி, 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஸ்க்ரூவின் மரை இரண்டு மூன்று சுற்றுதான் பிடிக்கும். முதல் நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி அதிர அதிர ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். பிளக் செங்கல் சுவருக்கானது. சுற்றிலும் கெட்டியாக அணைத்துப் பிடிக்க ஒன்று இருந்தால்தான் அது விரிந்து பிடிக்கும். இங்கே அதன் பின்னால் காற்றும் பஞ்சும்தான். சாவிக்கொத்து, தொப்பி மாதிரி எடையில்லாத சாமானுக்கு நீங்கள் சொல்வது ஓடும். அதற்கு மேல் வேண்டாம்.

கோரமங்களா வாடகை:
வண்டி சொந்தம் என்பதால் ஓட்டை போடலாம். எங்களை மாதிரி வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு ஸ்க்ரூ போட்டாலும் டெபாசிட்டில் பிடிப்பார்கள். நாங்கள் சுவரைத் தொடுவதே இல்லை. ஜன்னல் மேல் விளிம்புக்கும் அலமாரி அடிக்கும் நடுவே, அல்லது குளியலறையின் இரண்டு சுவருக்கு நடுவே, ஸ்பிரிங் உள்ள திரைக்கம்பியை நெருக்கி நிறுத்துவோம். துண்டும் ஈரத்துணியும் அதில். மெல்லிய சுவரில் கம்பியை முறுக்கி முறுக்கி இறுக்கினால் பிளைவுட் உள்வாங்கும், அதனால் இரண்டு முனையிலும் சின்ன ரப்பர் ஷீட் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் வளைந்த கொக்கியும் உதவும். கதவில் உரசாமல் இருக்க உள்பக்கம் ஃபெல்ட் ஒட்டிவிட வேண்டும்.

வண்டி ஓடும்போது இதிலெல்லாம் துணி மட்டும்தான் தொங்கும்.

ஜாலஹள்ளி அக்கா:
தம்பி அல்சூர், மசாலா டப்பாவை எதற்குச் சுவரில் ஏற்றுகிறீர்கள்? எங்கள் வண்டியில் சிங்குக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வழுக்காத ரப்பர் பாய் விரித்து, அஞ்சறைப்பெட்டியை அப்படியே இறக்கிவிட்டேன். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடுகும் மிளகும் மலைப்பாதையில் சிந்தினால் கட்டில் இடுக்கிலிருந்து பொறுக்கி மாளாது. கரண்டி, வடிகட்டி, சின்ன டீத்தூள் பொட்டலம் இதற்கெல்லாம் பை பையாகத் தைத்த துணித்தொங்கல் ஒன்று போதும்; மேலே ஒரு கம்பியில் கோத்து, கீழ் மூலை இரண்டையும் வெல்க்ரோவால் பிடித்துவிட்டால் ஆடாது. சத்தமும் வராது. இரும்புக் கரண்டி நாலு கொக்கியில் தொங்கினால் ஹொசூர் ரோடு முழுக்க கிணுகிணு என்று தலைவலி வந்துவிடும்.

பிள்ளையார் படத்துக்கு வருகிறேன். கண்ணாடி போட்ட மரச்சட்டப் படத்தை வண்டிக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். தஞ்சாவூர் ஓவியம் என்றால் கேட்கவே வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். அதே படத்தை நல்லதாக போட்டோ எடுத்து, பிரிண்ட் கடையில் 3 மில்லிமீட்டர் சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் ஃபோம் பலகை) ஒட்டி மேட் லேமினேஷன் போட்டு வாங்குங்கள். எடையே இருக்காது, உடைய ஒன்றும் இல்லை, சூடு தாங்கும் லேசான டேப் போதும். என் மாமியார் முதலில் மனசில்லாமல்தான் சம்மதித்தார். படம் வந்ததும் பார்த்து, அடுத்த வாரமே முருகனுக்கும் ஒன்று போடச் சொல்லிவிட்டார். பூ வைக்க படத்துக்கு மேலே ஒரு நூல் மட்டும். விளக்கு, ஊதுபத்தி வண்டிக்குள் கூடாது, பேட்டரி விளக்கு வையுங்கள். சுற்றிலும் பிளைவுட்டும் பஞ்சும் திரைத்துணியும் கேஸ் அடுப்பும் இருக்கிற இடம் அது.

அல்சூர்வாசி:
அக்கா, சன்போர்டு யோசனை அருமை. அம்மாவிடம் சொன்னேன், சரி என்றுவிட்டார்.

வீல்பேஸ் சார், காந்தம் வாங்கி இழுத்துப் பார்த்தேன். ஜன்னல்களுக்கு நடுவே ரிப் தெளிவாகத் தெரிகிறது. வயர் எங்கே இருக்கிறது என்று பார்க்க, சுவரில் வைத்தால் பீப் சத்தம் போடும் டெஸ்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. எங்கேயும் சத்தம் வரவில்லை. அப்படியானால் டிரில் போடலாமா?

வீல்பேஸ்:
நிறுத்துங்கள், அந்த டெஸ்டரை நம்பி டிரில் எடுக்கவே எடுக்காதீர்கள். தொடாமல் பார்க்கும் அந்த வகை டெஸ்டர் வீட்டு ஏசி கரண்ட்டை மட்டும்தான் உணரும். உங்கள் வண்டியின் விளக்கு, ஃபேன், பம்ப் எல்லாம் 12 வோல்ட் டிசி. வயர் நேர் பின்னால் இருந்தாலும் அது வாயே திறக்காது. பேட்டரியில் நேரடி ஷார்ட் ஆனால் வயர் உறை சில விநாடியில் உருகும். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். கையில் ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்க அது போதும்.

வேலை செய்த பட்டறையில் பிளைவுட் மூடுவதற்கு முன் எடுத்த போட்டோ கேளுங்கள், பெரும்பாலும் அவர்கள் போனில் இருக்கும். இல்லையென்றால் விளக்கு, ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றி வயர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். ரிப்பை ஒட்டியே வயரைக் கட்டி இறக்குவது வழக்கம் என்பதால் ரிப்பின் ஓரத்தில் போடாமல் நட்ட நடுவில் போடுங்கள். சோலார் இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டு, பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிரில் பிட்டில் நுனியிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரும்பைத் துளைத்து உள்ளே விழும் அந்த நொடியில் கை தானாக முன்னால் பாயும், அங்கேதான் கவனம் வேண்டும்.

ரிப்பில் சாதாரண ஸ்க்ரூவைவிட ரிவ்நட் (ரிவெட் மாதிரி ஓட்டையில் பதியும் நட்) நல்லது. எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 7 மில்லிமீட்டர் ஓட்டை, எம்6 என்றால் 9. கன் வைத்து இழுத்தால் பின்னால் மடிந்து நிரந்தர மரை கிடைத்துவிடும். அப்புறம் போல்ட்டை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் பிடி குறையாது. ஓட்டை போட்டதும் விளிம்பில் ஜிங்க் பிரைமர் தொட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். சீட் பெல்ட் மாட்டியிருக்கும் தூணைத் தொடாதீர்கள்.

டிரெய்லர் வீடு:
இடையில் ஒரு கேள்வி. எங்களுடையது இழுத்துப் போகும் காரவான். வெளியே ஃபைபர், நடுவே தெர்மாகோல் மாதிரி ஃபோம், உள்ளே மெல்லிய பிளைவுட், எல்லாம் ஒன்றாக ஒட்டியது. காந்தம் சில புள்ளிகளில் மட்டும் லேசாகப் பிடிக்கிறது.

வீல்பேஸ்:
உங்கள் சட்டம் அலுமினியம், காந்தம் அதைப் பிடிக்காது. பிடித்த புள்ளிகள் பிளைவுட்டை இறுக்கிய ஸ்க்ரூ தலைகள். அந்தப் புள்ளிகளைக் கோடாக இணைத்தால் சட்டம் ஓடும் பாதை கிடைத்துவிடும். சுவருக்குள் விரிந்து பிடிக்கும் டாகிள் வகை போல்ட் இதில் வேலை செய்யாது. விரிய இடமே இல்லை, ஃபோமை நசுக்கிக்கொண்டு நிற்கும். முக்கியமாக, தண்ணீர். இந்த வகைச் சுவரில் ஓட்டை வெளித்தோல் வரை போய்விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பிளைவுட் அடுக்கு பிரிந்து சுவர் உப்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய முழுப் பலகையையும் பிரிக்க வேண்டியிருக்கும். சட்டம் உள்ள இடத்தில் மட்டும், குட்டை ஸ்க்ரூ.

அல்சூர்வாசி:
பட்டறையில் போட்டோ கிடைத்துவிட்டது. பயந்தது சரிதான், வலது பக்க ரிப் ஒன்றின் ஓரத்திலேயே வயர்க் கட்டு இறங்குகிறது. இடது பக்கம் காலி. பட்டையை இடது பக்கமே போடுகிறோம்.

தீயணைப்பானும் கண்ணாடியும் மட்டும் மீதம்.

ஒட்டுப்பசை:
கண்ணாடிக்கு அக்ரிலிக் வாங்குங்கள், 2 அல்லது 3 மில்லிமீட்டர். உடைந்தாலும் சாதாரணக் கண்ணாடி மாதிரி சிதறாது, எடையும் பாதிதான். வினைல் மேல் ஒட்டாமல் சன்மைக்கா பக்கமோ அலமாரிக் கதவிலோ ஒட்டுங்கள். சிலிகான் போட்டால் நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். புளித்த வாசனை அடிக்கும் சாதாரண சிலிகான் கண்ணாடியின் முதுகுப் பூச்சை அரித்துவிடும், கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் கறுத்துவரும்.

வீல்பேஸ்:
தீயணைப்பானை எந்தப் பசையிலும் தொங்கவிட வேண்டாம். வண்டிக்கென்று வரும், கிளிப் பூட்டு உள்ள இரும்புப் பிராக்கெட்டோடு வாங்கி, கதவுக்குப் பக்கத்தில் தாழ்வாக, ரிப்பிலோ சீட் அடிச்சட்டத்திலோ போல்ட் போடுங்கள். வெளியே நின்று கையை நீட்டினாலும் எட்ட வேண்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீப்பிடித்த நேரத்தில் தீயைத் தாண்டித்தான் எடுக்க முடியும்.

இன்னொன்று, தூங்குபவர் தலைக்கு மேலும் பயணத்தில் உட்காருபவர் தலைக்கு நேர் பின்னாலும் கெட்டியான எதையும் மாட்டாதீர்கள். எவ்வளவு நல்ல போல்ட் போட்டாலும் சரி. திடீர் பிரேக்கில் ஷெல்ஃப் நிற்கும், அதன்மேல் உள்ள டப்பா நிற்காது. ஷெல்ஃப் வைத்தால் முன்னால் ஒரு கம்பியோ எலாஸ்டிக் கயிறோ கட்டாயம்.

அல்சூர்வாசி:
கடைசியாக ஒன்று. கிழிந்த வினைலை என்ன செய்வது? கொக்கி இருந்த இன்னொரு இடத்தில் டேப் அப்படியே இருக்கிறது, எடுத்தால் அதுவும் கிழியுமோ என்று கை வைக்கவில்லை.

ஒட்டுப்பசை:
இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் கை பொறுக்கிற சூட்டுக்குக் காட்டி, மீன்பிடி நரம்பையோ பல்லுக்குப் போடும் ஃப்ளாஸையோ டேப்புக்குப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி இரண்டு பக்கமும் இழுத்து அறுத்துக்கொண்டே வாருங்கள். ரொம்ப சூடு காட்டினால் வினைலே சுருங்கும், அவசரம் வேண்டாம். மீதிப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிடலாம். அடம்பிடித்தால் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். அதே இடத்தில் மறுபடி எதையாவது ஒட்டப் போகிறீர்கள் என்றால் எண்ணெய்ப் பசை போக சோப்புத் தண்ணீர், காய்ந்ததும் ஆல்கஹால்.

கமாண்ட் மாதிரி இழுத்து எடுக்கும் ஸ்ட்ரெட்ச் பட்டை வகை இருந்தால் வால் முனையைச் சுவரை ஒட்டியபடி நேர் கீழே மெதுவாக இழுக்க வேண்டும். உங்கள் பக்கம் இழுத்தால் வினைல் வரும்.

கிழிந்த இடத்தில் நார் தூக்கிக்கொண்டிருந்தால் மெல்லிய எமரி தாளால் தேய்த்துச் சமமாக்கி, பிளேடால் சதுரமாக வெட்டி, அதே டிசைன் வினைல் துண்டை ஒட்டலாம். பட்டறையில் மிச்சத் துண்டு இருக்கும், கேளுங்கள்.

வீல்பேஸ்:
அந்த இடம் இடது பக்கம் இருக்கிறதா? இருந்தால் வினைல் ஒட்டவே வேண்டாம். பட்டையை இரண்டு விரல் மேலேயோ கீழேயோ நகர்த்தி, கிழிசலை அதன் பின்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

அல்சூர்வாசி:
இடது பக்கமேதான், ஜன்னலுக்குக் கீழே. ரிப் இரண்டும் அங்கேயே கிடைக்கிறது. 70 செ.மீ. பட்டை வெட்டக் கொடுத்துவிட்டேன், சன்மைக்கா அதே நிறத்தில்.